காலை ஆறரை மணிக்கு எதற்கு ‘ஃபையராபென்ட்’?

இரவுப்பணிக்காரி:

வணக்கம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மூன்று வருடமாக ஜெர்மனியில், டிரெஸ்டனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி2 நிலைப் பரீட்சை எழுதித்தான் வந்தேன். பேச்சும் இப்போது பழகிவிட்டது. ஆனால் ஒரு சொல் மட்டும் வந்த முதல் வாரத்திலிருந்தே மனதில் கிடந்து உறுத்துகிறது.

நான் பெரும்பாலும் பார்ப்பது நைட் டியூட்டி. காலை ஆறே காலுக்குப் பகல் ஆட்கள் வருவார்கள். யார் தூங்கவில்லை, யாருக்குச் சர்க்கரை இறங்கியது, வலி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, மருந்து அலமாரிச் சாவியையும் வார்டு போனையும் மேசைமேல் வைப்பேன். சைக்கிளில் வந்த ஈரம் காயாத கையால் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டே எதிரில் இருப்பவர் சொல்வார்: ‘ஷோனன் ஃபையராபென்ட்!’

வேலை முடிந்து கிளம்புகிறவருக்குச் சொல்லும் வாழ்த்து அது. ‘ஆபென்ட்’ என்றால் மாலை. ‘ஷோனன்’ என்றால் இனிய. காலை ஆறரைக்கு என்ன மாலை?

முதல் டிசம்பரில் இதை நான் யோசிக்கவே இல்லை. அப்போது இங்கே எட்டு மணி வரை விடியாது. வெளியே வந்தால் தெருவிளக்கு எரியும். இருட்டைப் பார்த்து மாலை என்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஜூன் வந்தது. ஐந்து மணிக்கே வெயில் சன்னலில் விழுந்து தாத்தாக்கள் எல்லாம் திரையை இழுக்கச் சொல்கிறார்கள். அப்போதும் அதே ‘ஷோனன் ஃபையராபென்ட்’தான். அப்படியானால் இருட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது குழப்பம். என் பிரிவில் 92 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஒரு நாள், ‘ஸொன்னாபென்ட் காலையில் என் மகள் வருகிறாள், நீல உடுப்பை எடுத்து வை’ என்றார். ‘ஸொன்டாக்’ ஞாயிறு, ‘ஆபென்ட்’ மாலை. ஞாயிறு மாலையில் எப்படிக் காலை? பாட்டிக்குத்தான் தடுமாற்றம் என்று நினைத்து ஞாயிறு என்று குறித்துவைத்தேன். மகள் சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து நிற்கிறார், பாட்டி இரவு உடையிலேயே இருக்கிறார். மூன்று மணி நேரம் ரயிலில் வந்த பெண்ணை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அவசர அவசரமாகத் தலை வாரிவிட்டேன். இந்த ஊர்ப் பக்கம் சனிக்கிழமைக்குப் பெயரே ஸொன்னாபென்ட் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பாடப் புத்தகத்தில் சொல்லிக்கொடுத்தது ‘ஸம்ஸ்டாக்’.

அதே பாட்டி எங்கள் இல்லத்தை ‘ஃபையராபென்ட்ஹைம்’ என்று சொல்கிறார். பெயர்ப்பலகையில் அப்படி எதுவும் இல்லை. இந்த ‘ஆபென்ட்’ என்னதான் செய்கிறது? ஃபையராபென்ட் எங்கிருந்து வந்தது? போன வாரம் பாட்டி, ‘உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள்’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.


ஆகன் மாணவன்:

அக்கா, நான் இங்கே ஆகன் நகரில் மெக்கானிக்கல் படிக்கிறேன். பகுதி நேரமாக ஒரு கிடங்கில் வேலை. எங்கள் ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடியும், அப்போதும் ஃபையராபென்ட்தான். காலை ஷிஃப்ட்காரர்கள் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும்போதும் அதுதான். ‘ஃபையர்ன்’ என்றால் கொண்டாடுவது. அதனால் வேலை முடிந்ததைக் கொண்டாடும் மாலை என்றுதான் நான் இதுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலை விட்டதும் குடிக்கும் பியருக்கு ‘ஃபையராபென்ட்பியர்’ என்றே பெயர் இருக்கிறது. அதுவும் கொண்டாட்டத்தோடு பொருந்துகிறதே?


பழைய ஜெர்மன் வாத்தியார்:

அம்மா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் ஒன்றுதான். ஸொன்னாபென்டில் உங்களைத் தடுக்கி விட்ட அதே ஆபென்ட்தான் ஃபையராபென்டிலும் இருக்கிறது. சென்னையில் 28 வருடம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு நின்று இதை யோசித்த முதல் ஆள் நீங்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்பாதி. பழைய ஜெர்மனில் ஒரு பண்டிகையின் பெயரோடு ஆபென்ட் சேர்ந்தால், அது அந்தப் பண்டிகை நாளின் மாலையைக் குறிக்காது. அதற்கு முந்தின நாள் மாலையைக் குறிக்கும். யூதர்களின் கணக்கில் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. வெள்ளி மாலையிலேயே அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாளான சபாத் வந்துவிடும். ஆதியாகமத்தில் ‘சாயங்காலமும் விடியற்காலமுமாகி’ என்று சாயங்காலத்தை முன்னால் வைத்திருப்பதைப் படித்திருப்பீர்கள். திருச்சபை பெரிய திருநாட்களுக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. முந்தின மாலை மணி அடித்துவிட்டால் திருநாள் தொடங்கியாயிற்று.

டிசம்பர் 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் ‘ஹைலிகாபென்ட்’, புனித மாலை. கிறிஸ்துமஸ் 25 அன்றுதான், இது அதற்கு முந்தின மாலை. இன்று அந்தப் பெயர் 24ஆம் தேதி முழுவதற்குமே பரவிவிட்டது. கடைக் கதவில் ‘ஹைலிகாபென்ட் அன்று காலை 7 முதல் மதியம் 2 வரை’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாலை எப்படி மதியம் இரண்டு மணிக்கு முடியும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டமான ‘ஃபாஸ்ட்நாக்ட்’, அதாவது நோன்பு இரவு, அதுவும் இந்த வகைதான்: நோன்பு தொடங்குவதற்கு முந்தின இரவு.

ஸொன்னாபென்ட் இதற்கு அண்ணன். 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து போனிஃபாத்ஸியுஸ் போன்ற மிஷனரிகள் ஜெர்மன் நாடுகளுக்குப் போனார்கள். பழைய ஆங்கிலத்தில் ஞாயிறுக்கு முந்தின மாலையைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. அதை அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலில் அது சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மட்டும் பெயர். அப்புறம் சனிக்கிழமை காலை, மதியம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தெற்கிலும் மேற்கிலும் சபாத்திலிருந்து வந்த ஸம்ஸ்டாக். வடக்கிலும் கிழக்கிலும் ஸொன்னாபென்ட். பாட்டி பேசியது சுத்தமான அந்த மண்ணின் மொழி. சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது: ஜெர்மன் சிவில் சட்டம் 193ஆம் பிரிவில் சனிக்கிழமையை இன்றும் ஸொன்னாபென்ட் என்றே எழுதியிருக்கிறார்கள்.

இனி முன்பாதி, ‘ஃபையர்’. இதில்தான் தம்பி சொன்ன கொண்டாட்டம் வருகிறது. ஆனால் அது பின்னால் வந்த பொருள். மூலம் லத்தீனின் ‘ஃபேரியே’. ரோமில் வேலையும் நீதிமன்றமும் நிற்கும் நாட்கள் அவை. இந்த ஒலி எப்படி மாறியது என்பதை வகுப்பில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வேன். ஏனென்றால் சாக்பீஸும் அதே வழியில் வந்த சொல்தான். லத்தீனில் ‘கிரேட்டா’, பழைய ஜெர்மனில் ‘கிரீடா’, இன்று ‘கிரைட’. பட்டுக்கு லத்தீனில் ‘சேட்டா’, பிறகு ‘சீடா’, இன்று ‘ஸைட’. ஏகாரம் ஈகாரமாகி, ஈகாரம் ஐகாரமாகிறது. அதே படிகளில் இறங்கி வாருங்கள்: ஃபேரியா, ஃபீரா, ஃபையர். பிள்ளைகள் ஒருமுறை கரும்பலகையில் மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டார்கள்.

அதே லத்தீன் சொல் 16ஆம் நூற்றாண்டுவாக்கில் இன்னொரு முறை ஜெர்மனுக்குள் வந்தது. இந்த முறை வக்கீல்கள் வழியாக, கோர்ட் நடக்காத நாட்கள் என்ற பொருளில். பிந்தி வந்ததால் அதற்கு இந்த ஒலி மாற்றம் எதுவும் நேரவில்லை. பிறகு பள்ளிக்கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. பள்ளி விடுமுறைக்கு இன்று சொல்லும் ‘ஃபேரியன்’ அதுதான். ஃபையரும் ஃபேரியனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

ஆக, இடைக்கால ஜெர்மனில் ‘வீராபென்ட்’ (வகரத்தை ஃபகரமாகப் படியுங்கள்) என்றால் திருநாளுக்கு முந்தின மாலை. அவ்வளவுதான் பொருள். அந்த மாலையில் வேலையை நிறுத்துவது வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் கைவினைஞர்களின் பேச்சில் திருநாள் உதிர்ந்துபோய், வேலையை நிறுத்துவது மட்டும் மிஞ்சியது. செவ்வாய்க்கிழமையும் ஃபையராபென்ட், புதன்கிழமையும் ஃபையராபென்ட்.

இதை நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார்: புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர். 1529இல் வந்த அவருடைய பெரிய ஞானோபதேசத்தில் ஓய்வுநாள் கட்டளையை விளக்குமிடத்தில், சபாத் என்ற எபிரேயச் சொல்லுக்குப் பொருள் ‘ஃபையர்ன்’, அதாவது வேலை செய்யாமல் சும்மா இருப்பது என்கிறார். அதனால்தான் ‘ஃபையராபென்ட் விடுவது’, ‘ஹைலிகாபென்ட் கொடுப்பது’ என்று நாம் சொல்கிறோம் என்றும் சேர்த்து எழுதுகிறார். இரண்டு மாலைகளையும் ஒரே வரியில், ஒரே பொருளில் வைத்திருக்கிறார், பாருங்கள். நான் முதன்முதலில் அந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். தமிழ் வேதாகமமும் சபாத்துக்கு ‘ஓய்வுநாள்’ என்றே போட்டிருக்கிறது. ஃபையர் என்ற சொல்லின் அடியில் இருப்பதும் இந்த ஓய்வுதான். ஓய்ந்த நாளில் பூசை, விருந்து, ஆட்டம் என்று நடந்ததால் கொண்டாட்டம் அதன்மேல் ஏறிக்கொண்டது.

உங்கள் ஜூன் மாதக் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த ஆபென்ட் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன மாலையாகப் பிறக்கவில்லை. ஒரு திருநாளின் வாசற்படியாகப் பிறந்தது. இன்று ‘ஓய்வு தொடங்கியது’ என்பது மட்டும்தான் அதில் மிச்சம். காலை ஆறரைக்கு உங்களுக்குத் தொடங்குவதும் அதுதானே?

ஃபையராபென்ட்ஹைம் என்பதும் பாட்டி கற்பித்த சொல் இல்லை. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது முதியோர் இல்லங்களுக்கு அரசு வழக்கில் இருந்த பெயர் அது. வாழ்நாள் வேலை முடிந்தவர்கள் இருக்கும் வீடு. 1990க்குப் பிறகு பலகைகள் மாறின. பாட்டி மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொன்று. கிரிம் சகோதரர்களின் பேரகராதி கையில் கிடைத்தால் (இணையத்திலும் இருக்கிறது) ‘ஃபையராபென்ட்’ பகுதியைப் பாருங்கள். அது யாக்கோப் கிரிம் தன் கையாலேயே எழுதிய பகுதி. 1863இல் அவர் இறந்தபோது எஃப் எழுத்தில் ‘ஃப்ருக்ட்’, அதாவது கனி, என்ற சொல்லில் வேலை நின்றுபோயிருந்தது. நல்லவேளை, அதற்கு முன்பே ஃபையராபென்டைக் கடந்துவிட்டார்.


இரவுப்பணிக்காரி:

ஐயா, மிக்க நன்றி. டியூட்டி முடிந்து பேருந்தில் உட்கார்ந்து படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஃபையர்ன் என்றால் வேலை செய்யாமல் இருப்பது என்றீர்களே, அதனால் இன்னொன்று கேட்கிறேன். உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட ஒரு பெண்ணைப் பற்றி இன்னொருவர் ‘அவள் கிராங்க் ஃபையர்ன் பண்ணுகிறாள்’ என்றார். நோயைக் கொண்டாடுகிறாள் என்று எனக்குக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே நூற்றிரண்டு காய்ச்சல். எனக்கு அன்று முழுவதும் மனது ஆறவில்லை. அதுவும் இந்த ஓய்வுதானா?


மன்னார்க்காரன்:

தங்கச்சி, அதுவும் அதேதான். பழைய பொருள் நோயினால் வேலைக்குப் போகாமல் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் இப்ப ஆட்களுக்கு ஃபையர்ன் என்றவுடன் பார்ட்டிதான் ஞாபகம் வருகிறபடியால், அந்தச் சொல்லில் ஒரு குத்தல் ஏறிவிட்டது. பொய்க்கு லீவு எடுக்கிறா என்கிற மாதிரித்தான் கனபேர் அதைப் பாவிக்கிறார்கள். நீங்கள் பாவிக்காமல் விடுகிறது நல்லது. ‘கிராங்க்கெஷ்ரீபன்’ என்று சொல்லுங்கோ, டொக்டர் எழுதிக்கொடுத்த லீவு. ஒருவருக்கும் நோகாது.

நான் இருக்கிறது ரூர் பக்கம், பொட்ரொப்பில். ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் இங்கேதான் 2018 டிசம்பரில் மூடினது. பக்கத்து வீட்டு ஐயா சுரங்கத்தில் இருந்தவர். அவரிடம் ‘ஃபையர்ஷிக்ட்’ என்று ஒரு சொல் கேட்டிருக்கிறேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கொண்டாட்ட ஷிஃப்ட். உண்மையில், கரி விலைப்படாமல் குவிந்து கிடக்கிறபோது கம்பனி வேலை வேண்டாம் என்று நிறுத்துகிற ஷிஃப்ட். 1958இல் கரிக்கு நெருக்கடி வந்தபோது அது அடிக்கடி நடந்தது. அன்றைக்குச் சம்பளமும் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவரின் முகத்தில் கொண்டாட்டம் ஒன்றும் இருக்காது. வாத்தியார் சொன்னதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

முந்தின மாலை என்கிற கணக்கு எங்களுக்குப் புதிது இல்லை. எங்கள் மன்னாரில் மடு மாதா திருவிழா ஆகஸ்ட் 15. ஆனால் சனம் முதல்நாள் பின்னேரம் வெஸ்பர் என்கிற மாலைச் செபத்துக்கே நிறைந்துவிடும். அந்த வெஸ்பர் லத்தீனில் மாலைதான். அம்மா ‘வெஸ்பரோடு திருவிழா வந்திட்டுது’ என்று சொல்லி அன்று பின்னேரமே அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிடுவா. இங்கேயும் ஒவ்வொரு ஆகஸ்டும் கேவலார் என்கிற ஊர் மாதாவிடம் தமிழ்ச்சனம் திரளுகிறது, போனால் தெரியும். போர்த்துக்கேய மொழியில் திங்கட்கிழமைக்குப் பெயர் ‘இரண்டாம் ஃபெய்ரா’. செவ்வாய் மூன்றாம் ஃபெய்ரா. அந்த ஃபெய்ராவும் வாத்தியார் சொன்ன ஃபேரியாதான். ஓய்வு நாளுக்கு இருந்த பெயர் அங்கே வேலை நாட்களுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!


காயல் வாசகர்:

எங்கள் வீட்டில் ‘வெள்ளி இரவு’ என்றால் வியாழக்கிழமை மஃரிபுக்கு, அதாவது சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்கு, பிறகு வரும் இரவு. ரமலான் முதல் நோன்பு பகலில்தான் என்றாலும், பிறை கண்ட அந்த இரவிலேயே தராவீஹ் தொழுகை தொடங்கிவிடும். கல்லூரியில் ஒரு நண்பனை ‘வெள்ளி இரவு சாப்பிட வா’ என்று கூப்பிட்டு, அவன் மறுநாள் வந்து நின்றான். அம்மா அவனுக்காகத் திரும்பவும் சமைத்தார். அந்த ஸொன்னாபென்ட் சம்பவத்தைப் படித்ததும் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.


ஆகன் மாணவன்:

ஐயா, பியர் விஷயத்தில் என் ஊகம் தப்பு என்று புரிந்தது. ஒரு சந்தேகம். பிள்ளைகள் சண்டை போடும்போது என் வீட்டு உரிமையாளர் அம்மா ‘யெட்ஸ்ட் இஸ்ட் ஆபர் ஃபையராபென்ட்!’ என்று கத்துவார். அதுவும் இதுதானா?


பழைய ஜெர்மன் வாத்தியார்:

அதுவும் இதுதான், தம்பி. ‘போதும், நிறுத்துங்கள்’ என்று அர்த்தம். மாலையும் போய், வேலையும் போய், நிறுத்துவது மட்டும் தனியாக நிற்கிறது. சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

மன்னார் நண்பர் சொன்ன ஃபையர்ஷிக்ட் அருமை. வகுப்பு எடுத்த காலத்தில் இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று இருக்கிறது.


இரவுப்பணிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மன்னார் அண்ணன் சொன்னபடி அந்தக் கிராங்க் ஃபையர்ன் சொல்லை நான் எடுக்கவே போவதில்லை.

நேற்று சனிக்கிழமை. பாட்டிக்கு இரவு மருந்து கொடுக்கப் போனபோது, ‘ஃபையராபென்ட் முதலில் திருநாளுக்கு முந்தின மாலையாம், லூதரே எழுதியிருக்கிறாராம்’ என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பாட்டி கையில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே கேட்டார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, ஸொன்னாபென்ட் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் அப்பா மண்வெட்டியைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிடுவாராம். பாதி வரிசை கிளறாமல் கிடந்தாலும் திங்கட்கிழமைதான் இனி தொடுவாராம். ‘அதுதான் ஃபையராபென்ட்’ என்றார்.

பிறகு, ‘சரி, உங்கள் சொல் என்ன’ என்று மறுபடி கேட்டார். ‘ஓய்வு’ என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ‘ஒய்வூ’ என்று வருகிறது.

இன்று காலை நான் கிளம்பும்போது கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ‘ஷோனன் ஒய்வூ!’ என்று சத்தம் வந்தது.